சங்கிலி கிடந்த கழுத்து

பீரோக் கண்ணாடிக்கு முன்னால் தாடையைத் தூக்கி, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள் அனுஜா. ஜோன்ஸ் விடிய விடிய ட்ரெயிலர் ஓட்டிவிட்டு அப்போதுதான் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து வந்திருந்தான். கண்ணில் நிலக்கரித் தூசி விழுந்த எரிச்சல். லுங்கியைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் கண்ணாடிக்குள் மகளைப் பார்த்தான். கழுத்தைக் காணவில்லை. தாடையிலிருந்து நேராகத் தோளுக்கு இறங்கியிருந்தது. ஏழு வயதுப் பிள்ளைக்கு யாரோ ஒரு பயில்வானின் கழுத்தை எடுத்து ஒட்டிவைத்த மாதிரி. அவனுக்குப் பயம் வரவில்லை. சிரிப்பு வந்தது.

“ஏளா விஜிலா, இங்கன வந்து பாரு. ஒம் மவளுக்குப் பொன்னுக்குவீங்கி வந்திருக்கு.”

அடுக்களையிலிருந்து வந்த விஜிலா சிரிக்கவில்லை. “நேத்து சாயந்திரம் லேசாத்தான் இருந்துச்சு. ராத்திரி பூரா கொறட்டை. கஞ்சிகூட எறங்கல. வாய் வேற நாறுது.”

“பல்லு வெளக்கிருக்க மாட்டா.”

“நான்தான் வெளக்கி விட்டேன். இது வேற நாத்தம். ஆஸ்பத்திரிக்குப் போயிருவமா?”

“பொன்னுக்குவீங்கிக்கு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாவளா? தெருவே சிரிக்கும்.”

மாதா கோயில் திருவிழா முடிந்து இன்னும் பந்தல் கம்புகளைக்கூட முழுசாகப் பிடுங்கவில்லை. பொருட்காட்சியில் ராட்டினம் சுற்றிவிட்டு கலர் ஐஸ் தின்ற மறுநாள் அனுஜா தொண்டை வலிக்கிறது என்றாள். ஐஸ் தின்றால் வலிக்கத்தானே செய்யும். விஜிலா மிளகுப்பால் கொடுத்தாள். காய்ச்சல் என்று பெரிதாக இல்லை. தொட்டால் தெரிகிற அளவுக்கு ஒரு சூடு. விஜிலாவுக்குப் பிறந்த ஊர் ஆலந்தலை. அங்கே வீக்கத்துக்குச் சங்கை உரைத்துப் பூசுவார்கள். பூசியும் பார்த்திருந்தாள். அது காய்ந்து பிள்ளையின் கழுத்தில் வெள்ளை வெள்ளையாக உதிர்ந்துகொண்டிருந்தது.

ஜோன்ஸ் கட்டிலில் உட்கார்ந்து மகளை மடிக்குள் இழுத்தான். தூக்கம் போய்விட்டது. முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு சந்தோஷம், கதவைத் தட்டாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

அந்தக் காலத்தில் இந்தத் திரேஸ்புரத்தில் ஒரு பிள்ளைக்குக் கன்னம் வீங்கினால் மருந்து கிடையாது, சங்கிலிதான். தொண்டை தங்கம் கேட்டு வீங்குகிறது. போட்டால் வடிந்துவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சொல்வது சுலபம், தங்கத்துக்கு எங்கே போவது. தெருவில் இருந்த தங்கமெல்லாம் பொம்பளைகளின் தாலியில் கிடந்தது, அதைக் கழற்றக் கூடாது. மீதி அடகுக் கடையில் கிடந்தது. கழற்றக்கூடிய ஒரே தங்கம் கிளாடிஸ் மாமியுடையது. அவள் புருஷன் வெளிநாட்டுக் கப்பலில் இருந்தார். ஒரு தடவை வரும்போது சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த முறுக்குச் சங்கிலி, முனையில் சின்னதாக ஒரு சிலுவை. பெரிய ஆளுக்கே வயிறு வரை தொங்கும். பிள்ளைகளுக்கு இரண்டு சுற்றாகச் சுற்றிப் போட வேண்டும். அது மாமியின் கழுத்தில் இருந்ததைவிடத் தெருப் பிள்ளைகளின் கழுத்தில் இருந்த நாள்தான் அதிகம். யாரும் அதைச் சாட்சி வைத்துக் கொடுத்து வாங்கியதில்லை. ஒரு கண்ணி அறுந்ததில்லை, ஒருவனும் கொண்டு ஓடியதில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாமி வந்து பார்ப்பாள். சங்கிலியைப் பார்க்க வருகிறாள் என்று நினைத்தால் தப்பு. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, புருஷன் கப்பலில் பார்த்ததாகச் சொன்ன திமிங்கிலங்களைப் பற்றிக் கதை விடுவாள். ஒவ்வொரு வீட்டிலும் திமிங்கிலம் கொஞ்சம் வளர்ந்துவிடும்.

சங்கிலி போட்ட பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, அடி கிடையாது, கடைக்குப் போகச் சொல்ல மாட்டார்கள். ஜோன்ஸ் அதற்காக ஏங்கிக் கிடந்தான். தினமும் காலையில் கன்னத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்து, வீங்கியிருக்கா, வீங்கியிருக்கா என்று அம்மாவிடம் உதை வாங்கினான். ஒருநாள் நிஜமாகவே வீங்கியது. மாமி வந்து சங்கிலியைச் சுற்றிப் போட்டபோது முதலில் ஜில்லென்று இருந்தது. பிறகு உடம்புச் சூடு ஏறி, கழுத்தோடு கழுத்தாக ஆகிவிட்டது. இதே சங்கிலியில் எத்தனை பேர் வேர்த்திருப்பார்கள் என்று அவன் முகர்ந்து பார்த்தான். எல்லோருடைய வாசனையும் அதில் இருப்பதாகத் தோன்றியது.

எதிர்வீட்டு பாலகணேஷ் அரைநெல்லிக்காய் கொண்டுவருவான். அதுதான் பொன்னுக்குவீங்கிக்காரனுக்குத் தெரு கொடுக்கிற தண்டனை. நடையிலேயே நின்று, அம்மா கை எட்டாத தூரம் பார்த்துக்கொண்டு, உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டு, ஒரு நெல்லிக்காயை உச்சுக் கொட்டிச் சப்புவான். பார்த்தாலே போதும். எச்சில் ஊறும். ஊறிய கணத்தில் காதுக்கு முன்னால் யாரோ சூடான கம்பியை விட்டு இழுத்த மாதிரி இருக்கும். ஜோன்ஸ் தாடையைப் பிடித்துக்கொண்டு ‘எம்மா’ என்று அலறினான். செருப்பை எடுத்து வீசினான். தெரு முழுக்கச் சிரித்தது, அம்மாகூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த பதினைந்து நாளில் அதே வீக்கம் பாலகணேஷுக்கு வந்தது. நெற்றியில் திருநீறு, கழுத்தில் மாமியின் சிலுவை. ஜோன்ஸ் ஒரு படி நெல்லிக்காயோடு போய் நின்றான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு நிறைவாக ஒரு வேலையைச் செய்ததில்லை.

“டாடி, எனக்குச் சங்கிலி போடுவியளா?” அப்பா சொன்ன கதையை முழுக்கக் கேட்டுவிட்டு அனுஜா கேட்டாள். குரல் மூக்கு வழியாக வந்தது. சளி என்று நினைத்துக்கொண்டான்.

“இன்னைக்கே போடுதேன் பாரு.”

தெருமுனை மெடிக்கல் இப்போது பாலகணேஷுடையது. மண்டை வழுக்கை, மூக்கில் கண்ணாடி. விஷயத்தைச் சொன்னதும் கல்லாவிலிருந்து எழுந்தே விட்டான். “ஏலே, நெசமாவா? இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு அதெல்லாம் வருதா?”

“எம் மவளுக்கு வந்திருக்குல்லா.”

“காய்ச்சல்?”

“லேசா.”

“அப்ப அதேதான். மருந்து கெடையாதுல. தானா வடிஞ்சிரும். வலிக்கு வேணும்னா இந்த சிரப்பக் கொடு.” பாட்டிலை எடுத்து வைத்தவன் குனிந்து ரகசியம் போலக் கேட்டான். “மாமி சங்கிலி இன்னும் கெடக்கா?”

“போய்க் கேக்கப் போறேன்.”

“வரும்போது நெல்லிக்கா வாங்கிட்டு வா. எம் பங்குக்கும் ஒண்ணு அவ முன்னால சப்பு. வாங்கின செருப்படிக்கு வட்டி வரணும்லா.”

இரண்டு பேரும் கடை அதிரச் சிரித்தார்கள். இருமல் மருந்து வாங்க நின்ற ஒரு பெண் இவர்களை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

கிளாடிஸ் மாமி மில்லர்புரத்தில் மகன் பெவினின் அடுக்குமாடி வீட்டில் இருந்தாள். பெவினும் கப்பலுக்குத்தான் போகிறான். லிப்ட் வைத்த வீடு. மாமி சோபாவில் கால் வீங்கி உட்கார்ந்திருந்தாள். ஜோன்ஸை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரமானது. கண்டுகொண்டதும், வந்த காரணத்தைக் கேட்டதும், அவள் முகம் விரிந்த விதத்தைப் பார்த்து ஜோன்ஸுக்கே கூச்சமாகிவிட்டது.

“யாரு கேக்கா இப்ப? எத்தன வருசம் ஆச்சு மக்கா. ஷெர்லி, பீரோவுல அந்தச் செவப்பு டப்பாவ எடு.”

மருமகள் ஷெர்லி டப்பாவைக் கொண்டுவந்தாள், டீயும் கொண்டுவந்தாள். “இப்ப யாரு அண்ணே இதெல்லாம் போடுதா? டாக்டர்ட்ட ஒரு தடவ காட்டிருங்க,” என்றாள் மரியாதையாக. ஜோன்ஸ் அதே மரியாதையோடு தலையாட்டிவிட்டு விட்டுவிட்டான். அவளுடைய கைக்குழந்தை தவழ்ந்து வந்து அவன் காலைப் பிடித்தது. தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பிஸ்கட்டைப் பிய்த்து ஊட்டினான்.

மாமி சங்கிலியை உள்ளங்கையில் கொட்டி, ஒவ்வொரு பிள்ளையாகச் சொல்லிக்கொண்டு போனாள். யார் கழுத்தில் சீக்கிரம் வடிந்தது, யார் வடிந்தபிறகும் கழற்ற விடாமல் அழுதது, சங்கிலியைப் போட்டுக்கொண்டு கடலில் குதித்தது யார். “நீதாம்ல பெரிய கள்ளன். பள்ளிக்கூடத்துல ஊசி போடுத நர்சம்மா வந்தா, கவுத்துப் போட்ட வள்ளத்துக்கடியில போய்ப் படுத்துக்கிடுவ. சிஸ்டருமாரு என்னையத்தான் கூப்பிடுவாவ. நான் வந்து சங்கிலியக் காட்டணும். ஊசி போட்டாத்தான் இன்னைக்குச் சாயந்திரம் வரைக்கும் சங்கிலின்னு. அதுக்குப் பெறவுதான் ஒவ்வொண்ணா எந்திச்சு வரும், நண்டு கணக்கா.”

“அப்படியா மாமி? எனக்கு நெனப்பே இல்ல,” என்றான் ஜோன்ஸ். நிஜமாகவே நினைவில்லை. திமிங்கிலம் நினைவிருந்தது. சிரித்து வைத்தான். மாமி இன்னொரு கதையை எடுத்தாள். இன்னொரு டீ வந்தது. பால்கனி வெயில் உச்சிக்கு ஏறிப் போயிருந்தது. கிளம்பும்போது மாமி சங்கிலியை அவன் சட்டைப் பையில் தானே போட்டு, பையை ஒரு தட்டுத் தட்டினாள். “முழுசா வடியுத வரைக்கும் கெடக்கட்டும். அவசரமில்ல.”

வீட்டில் விஜிலா வாசலிலேயே நின்றாள். அனுஜா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், வாய் கொஞ்சம் திறந்தபடி. சங்கிலியைப் பார்த்ததும் கண் மட்டும் மலர்ந்தது. ஜோன்ஸ் இரண்டு சுற்றாகச் சுற்றிப் போட்டான். சிலுவை நெஞ்சுக் குழியில் போய்ப் படுத்தது. மகள் அதைத் தொட்டுப் பார்த்தாள். கண்ணாடிக்குப் போவதற்கு எழுந்தவள் பாதியில் உட்கார்ந்துகொண்டாள்.

“இப்ப பாரு வேடிக்கய.” வாங்கி வந்த அரைநெல்லிக்காய்ப் பொட்டலத்தை ஜோன்ஸ் பிரித்தான். ஒன்றை எடுத்து, உப்பில் தொட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, உச்சுக் கொட்டிச் சப்பினான். புளிப்பு அவன் காதுவரை ஏறியது. ஒரு கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தான். அலறுவாள், தாடையைப் பிடிப்பாள், எதையாவது எடுத்து எறிவாள். எறிந்தால் விலகிக்கொள்ளத் தயாராகத் தோளைச் சாய்த்து வைத்திருந்தான்.

அனுஜா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் ஒரு நரம்பும் அசையவில்லை.

“வலிக்கலயா?”

இல்லை என்று தலையாட்டினாள்.

ஒரு நெல்லிக்காயை அவள் வாயிலேயே வைத்தான். அவள் அதை அப்படியே வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நூலாக இறங்கிய எச்சிலோடு அது மடியில் விழுந்தது, பல் பட்ட தடம்கூட இல்லாமல். “முழுங்க முடியல டாடி.”

அவன் விரலை அவள் காதுக்கு முன்னால் வைத்து அமுக்கினான். தனக்கு எங்கே வீங்கியது என்று அவனுக்குத் துல்லியமாகத் தெரியும். அன்று காது மடல் மேலே தூக்கி நின்றது, கன்னம் பன்னு மாதிரி உப்பியது. இவளுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. கன்னம் எப்போதும்போல ஒல்லியாக இருந்தது. வீக்கமெல்லாம் கீழே, தாடைக்கு அடியில், கழுத்தில். காலையிலிருந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டே இருந்து பார்க்காமல் விட்டிருந்தான். குனிந்தபோது அந்த வாடை அடித்தது, பழம் அழுகினாற்போல இனிப்பும் நாற்றமுமாக. அதற்கும் அடியில் ஒரு சத்தம். அவள் மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம், ட்ரெயிலரின் பிரேக் குழாயில் காற்றுக் கசிகிற மாதிரி மெல்லிய ஒரு சீறல். அந்தச் சத்தம் கேட்டால் வண்டியை அதற்கு மேல் ஓர் அடி நகர்த்தக் கூடாது என்பது அவனுக்குத் தெரியும். பாட்டிலில் இருந்த சிரப்பைக் கொடுக்கப் போன விஜிலாவின் கையைத் தட்டிவிட்டான்.

“ஆட்டோவக் கூப்பிடு.”

பெரியாஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டில் இருந்த டாக்டரம்மாவின் பெயர் வேல்விழி. சின்ன வயது. அனுஜாவைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து முகத்தில் மாஸ்க்கை மாட்டினாள். “கழுத்துல என்ன இது? முதல்ல கழட்டுங்க.” ஜோன்ஸின் விரல்களுக்குக் கொக்கி அகப்படவில்லை. நர்ஸ்தான் கழற்றினாள். டாக்டர் டார்ச்சை அடித்தாள். “வாயை நல்லாத் திற கண்ணு. இன்னும் கொஞ்சம். அழாத, அழக் கூடாது.”

தோளுக்கு மேலாக ஜோன்ஸும் எட்டிப் பார்த்துவிட்டான். உள்நாக்கின் இரண்டு பக்கமும் சாம்பல் வெள்ளையில் ஒரு தோல் படர்ந்திருந்தது. கணவாய் மீனை உரித்துப் போட்ட தோலை யாரோ தொண்டைக்குள் ஒட்டிவைத்த மாதிரி. ராட்டினத்தில் ஏறி மாதா கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கத்திய தொண்டை அது.

“டிப்தீரியா மாதிரித் தெரியுது. தொண்டை அடைப்பான்,” என்றாள் டாக்டர். “சாம்பிள் எடுக்கிறோம், ஆனா ரிசல்ட்டுக்குக் காத்திருக்க முடியாது.”

“அது இப்பவும் வருதா டாக்டர்?”

“நான் படிக்கும்போது புத்தகத்துல படமாத்தான் பார்த்தேன். இப்ப நேர்ல பார்க்கிறேன். போன மாசம் ஒரு பையன் வந்தான். அதுக்கு முந்தியும் வந்துச்சு. வரவரக் கூடுது.” அந்தப் பையன் என்ன ஆனான் என்று ஜோன்ஸ் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. “ஊசியெல்லாம் ஒழுங்காப் போட்டீங்களா?”

விஜிலா பதில் சொன்னாள். “கைக்குழந்தையில போட்டதெல்லாம் போட்டோம். ஒன்றரை வயசு ஊசி கொரோனா நேரம். வெளிய விடல.”

“அப்புறம் போட்டிருக்கலாமே. அஞ்சு வயசுல இன்னொண்ணு உண்டே?”

விஜிலா தரையைப் பார்த்தாள். “அதுக்கு முந்தி போட்டப்ப தொடை வீங்கி ரெண்டு நாள் அழுதா. இவங்க வேண்டாம்னாங்க.”

அன்று ஜோன்ஸ் சொன்னது அதைவிட நீளம். எங்களுக்கெல்லாம் ஊசி போட்டா வளத்தாவ, கடக்காத்துல வளந்த ஒடம்புலா இது என்று, தீரா நோய் எதையோ வென்றுவிட்டு வந்தவன் மாதிரி, சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டிச் சொன்னான். விஜிலா டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை. புருஷனுக்கு மிச்சம் வைத்த மரியாதை அவ்வளவுதான்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. தனி அறை. கையில் ஊசி. நெஞ்சில் ஒயர்கள். விஷத்தை முறிக்கிற மருந்து ஒன்று இருக்கிறது, குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது, மதுரையிலிருந்து வண்டியில் வந்துகொண்டிருக்கிறது என்றாள் டாக்டர். தோல் இறங்கி மூச்சை அடைத்தால் கழுத்தில் துளை போட வேண்டியிருக்கும். அடைக்காவிட்டாலும் விஷம் இதயத்துக்குப் போகும். வீக்கம் வடிந்த பிறகும் நாள் கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவள் எதையும் மறைக்கவில்லை, எதையும் கூட்டவும் இல்லை. கடைசியில், பிள்ளை யார் யாரோடு இருந்தாள், நீங்கள் இன்று யார் வீட்டுக்கெல்லாம் போனீர்கள், குழந்தைகள் யாரையாவது தொட்டீர்களா என்று கேட்டாள்.

மாஸ்க் கட்டிக்கொண்டு விஜிலா உள்ளே போனாள். கதவு மூடுவதற்கு முன்னால் திரும்பி, சத்தமில்லாமல் ஒன்று சொன்னாள்.

“காலையில நல்லா சிரிச்சிய.”

ஜோன்ஸ் வராந்தாவில் நின்று போன் போட்டான். ஷெர்லிதான் எடுத்தாள். அவன் நடந்ததைச் சொல்லி முடித்தான். “பாப்பாவ மடியில வச்சு ஊட்டினீங்களே,” என்றாள். திட்டியிருந்தால் தேவலை. நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்து காட்டச் சொன்னான், மருந்து கொடுப்பார்கள் என்றான், ஊசியெல்லாம் போட்டிருக்கிறதா என்று கேட்டான். “எல்லாம் போட்டிருக்கு. ஒண்ணுவிடாம அத்ததான் கூட வந்து போட்டாவ.” போன் கைமாறியது. மாமி வந்தாள்.

“சங்கிலி வேண்டாம்னு சொல்லிட்டாவளா மக்கா?”

“கழட்டிட்டாவ மாமி.”

“அப்ப புள்ளய ஊசிக்காரங்ககிட்டயே விடு. சங்கிலி போட்டதெல்லாம் சும்மா ஒரு சந்தோசத்துக்குத்தானல. வடியுதது தானா வடியும். எனக்குத் தெரியாதா?”

அவளுக்குத் தெரிந்திருந்தது. காலையில் சொல்லவும் செய்தாள். கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளம், நர்சம்மா, ஊசி போட்டால்தான் சங்கிலி. ஜோன்ஸ் முப்பது வருஷமாகச் சங்கிலியை மட்டும் பத்திரமாக வைத்திருந்து ஊசியைத் தொலைத்துவிட்டான். இப்போது யோசிக்க யோசிக்க அதுவும் மெதுவாக மேலே வந்தது. வள்ளத்துக்கு அடியில் ஈர மணல் முதுகில் ஒட்டும். தார் வாசனை. பலகை இடுக்கு வழியாக ஒரு ஜோடி வெள்ளைச் செருப்பு நடந்து போகும். பிறகு மாமியின் கை இடுக்குக்குள் நீளும், சங்கிலி வெயிலில் ஆடும். அவன் ஊர்ந்து வெளியே போவான். தோளில் சுருக்கென்று ஒன்று. வலியைச் சங்கிலி மறைத்துவிட்டது.

சாயந்திரம் பாலகணேஷ் கூப்பிட்டான். தெருவில் சுகாதாரத்துறை ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்களாம், வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்கு ஊசியும் மாத்திரையும் கொடுக்கிறார்களாம். “எம் மவன் கட்டிலுக்கடியில போய் ஒளிஞ்சுகிட்டான். கால பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்.” சிரிக்கப் போனவன் நிறுத்திக்கொண்டான். “ஏலே. நான்தானல சொன்னேன், தானா வடிஞ்சிரும்னு.”

“நானுந்தாம்ல சொன்னேன்.”

“மெடிக்கல் வச்சிருக்கேன். ஒரு தடவ வாயைத் தொறந்து பாருன்னு சொல்லத் தோணல பாரேன். நெல்லிக்காதான் தோணுச்சு.” போனைக் காதில் வைத்தபடியே ஜோன்ஸ், மருந்து வண்டி வருகிறதா என்று வளாக வாசலைப் பார்த்தான்.

அவனால் வேறு எதையும் செய்ய முடியவில்லை என்பதால் நின்ற இடத்திலிருந்தே மனசுக்குள் மருந்து வண்டியை ஓட்டினான். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு எத்தனையோ லோடு அடித்திருக்கிறான், கண்ணை மூடினால் ரோடு வரும். அருப்புக்கோட்டை தாண்டியிருப்பார்கள். பந்தல்குடியில் மாடு குறுக்கே வரும், ஆரனை அடித்துக்கொண்டே போ. எட்டயபுரம். அங்கே டீ குடிக்க நிறுத்தாதே அண்ணாச்சி, உனக்கு நான் இங்கே வாங்கித் தாரேன். குறுக்குச்சாலை. இனி உப்பளக் காற்று அடிக்கும். டோல்கேட்டில் ஓரத்து வழியாக விடு. அவன் வலது கால் தானாகத் தரையை அமுக்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் மங்குவதற்குள் ஒரு வெள்ளை வண்டி வளாகத்துக்குள் திரும்பியது. ஐஸ் பெட்டி ஒன்றை இடுப்போடு அணைத்துக்கொண்டு ஒரு ஆள் படியேறி ஓடினார். ஜோன்ஸ் அவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர் அவனைப் பார்க்கக்கூட இல்லை.

சொட்டுச் சொட்டாக ஏற்றத் தொடங்கியபின் டாக்டர் வெளியே வந்தாள். “மருந்து போயிருக்கு. இனிப் பார்க்கணும்,” என்றாள். எதைப் பார்க்க வேண்டும், எத்தனை நாள் பார்க்க வேண்டும் என்று அவன் வாய் எழும்புவதற்குள் அடுத்த அறைக்குப் போய்விட்டாள். பின்னாலேயே நர்ஸ் வந்து அவன் கையில் எதையோ கொடுத்தாள். ரப்பர் கையுறை ஒன்று, மணிக்கட்டுப் பக்கம் முடிச்சுப் போட்டிருந்தது. “ஸ்பிரிட்ல கழுவித்தான் போட்டிருக்கு. வீட்டுக்குப் போய் ஒரு தடவ கொதிக்கிற தண்ணியில போட்டுருங்க. தங்கம், பத்திரம்.” உள்ளே காற்று அடைபட்டு ஐந்து விரலும் விறைத்து நின்றன. சங்கிலி நடுவிரலுக்குள் சுருண்டு இறங்கியிருந்தது. பால் நிற ரப்பருக்குள்ளிருந்து மங்கலாக மஞ்சள் தெரிந்தது.

கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தான். விஜிலா அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அனுஜா மேலே பார்த்துப் படுத்திருந்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. ஏறும்போது கழுத்துக் குழி உள்ளே இழுத்தது. அவனையறியாமல் அவனும் கூடவே மூச்சை இழுத்தான், அவள் விடும்வரை விடாமல் வைத்திருந்தான். அப்போது அவள் கை போர்வையிலிருந்து எழுந்தது. ஒயர்களைத் தாண்டி மெதுவாகக் கழுத்துக்குப் போய், எதையோ தேடித் தடவியது. கண் ஜன்னல் பக்கம் திரும்பியது.

ஜோன்ஸ் கையுறையைத் தூக்கிக் கண்ணாடியில் வைத்துக் காட்டினான். ஒரு விரலில் மட்டும் தங்கம் நிறைந்த அந்த வெள்ளைக் கை, வராந்தாக் காற்றில் தானே ஆடியது. யாரோ அந்தப் பக்கம் நிற்கிற பிள்ளையை வா வா என்று கூப்பிடுகிற மாதிரி. அவள் கை கழுத்திலிருந்து எழுந்தது. பதிலுக்கு அசைக்கத்தான் எழுந்ததா, வெறுமனே கீழே விழப்போகிறதா என்று தெரியவில்லை. கண்ணாடியில் அவன் மூச்சு படிந்து மறைத்தது. சட்டைக் கையால் அவசர அவசரமாகத் துடைத்தான்.